மூக்குக்கண்ணாடி போட்ட துப்பாக்கி வீரர்

குதிரைமேல் வருகிறவர் ஒரு வயோதிகர். நகரத்து வீதியின் இருமருங்கிலும் ஜனங்கள் கூடி நிற்கிறார்கள். தோரணம், கூச்சல், கைதட்டல் ஒன்றுக்கும் குறைவில்லை. இவ்வளவு ஆரவாரமும் தம்மை வரவேற்கத்தான் என்று பெரியவர் எண்ணிக்கொள்கிறார். தொப்பியை லேசாகத் தொட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, மிகுந்த அடக்கத்துடன் வந்தனம் தெரிவித்துக்கொண்டே முன்னேறுகிறார். அந்தச் சமயத்தில் உடுப்பணிந்த ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்து, "ஓய் கிழவரே! வழியை விட்டு விலகும்!" என்று அதட்டுகிறார். ஏனென்று விளங்குவதற்குள் ஓர் ஒட்டகமும் சில குதிரைகளும் பந்தயம் ஓடிக்கொண்டு வீதி முனையில் திரும்புகின்றன. ஜனங்கள் கை தட்டியது ஒட்டகத்துக்கு! போதாக்குறைக்கு ஒரு மோட்டார் வண்டி அவரை இடித்துத் தள்ளாத குறையாகக் கடந்து போகிறது.

"ரைடு தி ஹை கண்ட்ரி" என்னும் அமெரிக்கப் படம் இப்படித்தான் ஆரம்பமாகிறது. 1962-ம் வருஷத்தில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியார் வெளியிட்ட படம். இங்கிலாந்தில் இதற்கு "கன்ஸ் இன் தி ஆப்டர்நூன்", அதாவது "பிற்பகல் துப்பாக்கிகள்" என்று வேறொரு பெயர் வைத்தார்கள். துப்பாக்கிகளுக்கு மட்டுமல்ல, அவற்றை ஏந்தியவர்களுக்கும் பொழுது சாய்ந்துவிட்டது என்பதை அந்தப் பெயர் நன்றாகவே சொல்லுகிறது.

குதிரைக்காரச் சண்டைப் படங்கள் என்றால் நமக்கு நெடுங்காலமாகவே ஓர் அலட்சியம் உண்டு. இருவர் தெருவில் எதிரெதிராக நிற்பார்கள், கண்ணைக் கொட்டுவதற்குள் இரண்டு வெடிச் சத்தம் கேட்கும், ஒருவன் விழுவான், மற்றவன் அஸ்தமன சூரியனை நோக்கிக் குதிரையைத் தட்டிவிடுவான். இதைப் பார்ப்பதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட வேண்டுமா என்பது நமது கட்சி. ஆனால் சென்ற விடுமுறையில் நம் பிள்ளையாண்டான் இந்தப் படத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, "அப்பா, பத்து நிமிஷம் பாருங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போய் விடைத்தாள் திருத்துங்கள்" என்றான். விடைத்தாள்கள் அன்று திருத்தப்படவில்லை.

நம்மை நாற்காலியில் கட்டிப் போட்ட காட்சி துப்பாக்கிக் காட்சி அன்று, பாங்கிக் காட்சி. ஸ்டீவ் ஜட் என்பது பெரியவரின் பெயர். ஒரு காலத்தில் பல ஊர்களில் சட்டத்தைக் காத்து, துஷ்டர்களை நடுநடுங்க வைத்தவர். இப்போது கிடைத்த கூலி வேலையைச் செய்து காலந்தள்ளுகிறார். கலிபோர்னியாவின் ஸியரா நெவாடா மலையில், கோர்ஸ்கோல்டு என்னும் சுரங்க முகாமிலிருந்து தங்கத்தைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்குத்தான் பாங்கிக்காரர்கள் அவரை வரவழைத்திருக்கிறார்கள். தகப்பனும் மகனுமாக இரண்டு பாங்கி முதலாளிகள் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வயது குறைந்த ஆளை எதிர்பார்த்தோம் என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் வயது குறைந்தவனாகத்தான் இருந்தேன் என்கிறார் அவர். அவருடைய சட்டைக் கையின் ஓரம் நைந்து நூல் தொங்குகிறது. அது முதலாளிகளின் கண்ணில் பட்டுவிடாதபடி கையை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

பிறகு ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போகிறார் தெரியுமா? கழிப்பறைக்கு! கதவைத் தாழிட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அங்கே உட்கார்ந்து பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். கண் மங்கிவிட்டது என்று தெரிந்தால் வேலை போய்விடுமே! துப்பாக்கி பிடித்த கைக்கு அது அவமானம் அல்லவா?

இந்த இடத்தில் நம் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நாம் மட்டும் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நாற்பத்து நான்காம் வயதில் நமக்கும் வெள்ளெழுத்து வந்தது. முதல் மூன்று மாதம் வகுப்பில் கண்ணாடியை வெளியே எடுக்காமல், பாடப் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துச் சமாளித்தோம். வருகைப் பதிவேட்டில் பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டு, வராத பையன் ஒருவனுக்கு வந்ததாகக் குறியிட்டு, தலைமையாசிரியரிடம் விழித்ததும் உண்டு. ஆகவே கழிப்பறையில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழட்டு வீரரைப் பார்த்தபோது, இவர் நமக்குத் தெரிந்தவர் என்று தோன்றிவிட்டது.

தங்கத்தின் கதையும் வேடிக்கையானதுதான். முதலில் இரண்டரை லட்சம் டாலர் பெறுமான தங்கம் என்று பெரியவரிடம் பேச்சு அடிபட்டிருந்தது. பாங்கியில் போய் உட்கார்ந்ததும் அது இருபதினாயிரமாகச் சுருங்குகிறது. மலையேறிப் போய்த் தராசில் நிறுத்துப் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம்தான் தேறுகிறது. 1848-ம் வருஷம் ஜனவரி மாதம் கலிபோர்னியாவில், ஸட்டர் என்பவருடைய மரம் அறுக்கும் மில்லின் வாய்க்காலில் தங்கத் துணுக்குகள் அகப்பட்டன. மறு வருஷமே உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் அங்கே ஓடினார்கள். அந்தப் பொற்காலம் முடிந்து நெடுங்காலம் ஆன பிறகு நடக்கும் கதை இது. பாங்கி முதலாளி, தங்கம் தேடிப் போனவர்களின் நாள் மலையேறிவிட்டது, இனி நிதானமான வியாபாரிகளின் காலம் என்று தம் வாயாலேயே சொல்லிவிடுகிறார்.

நிற்க. ஸ்டீவ் ஜட்டுக்கு ஒரு பழைய சிநேகிதர் உண்டு. கில் வெஸ்ட்ரம் என்று பெயர். இருவரும் சேர்ந்து எத்தனையோ ஊர்களில் காவல் புரிந்தவர்கள். அந்தக் கில் இப்போது திருவிழாச் சந்தையில் ஒரு கடை போட்டிருக்கிறார். நீண்ட டோப்பா, ஒட்டுத் தாடி, தோல் சட்டை. பெயர் "ஆரிகன் கிட்". சில்லறை கொடுப்பவர்களுடன் குறி பார்த்துச் சுடும் பந்தயம். அதிலும் பித்தலாட்டம்! ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகச் சிறு ரவைகளைத் துப்பாக்கியில் போட்டுவைத்தால் குறி எப்படித் தப்பும்? சிநேகிதர் வந்து நின்றதும் தாடியைக் கழற்றிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். உண்மையான அமெரிக்க மேற்குப் பிரதேசத்துச் சூரர்களுக்கு முதுமையில் நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். எருமை வேட்டைக்காரராகவும் ராணுவ வேவுகாரராகவும் பெயர் பெற்ற "பபல்லோ பில்" கோடி, 1883-ல் தம் வாழ்க்கையையே ஒரு சர்க்கஸ் ஆக்கி, டிக்கெட் விற்று, ஊர் ஊராகக் காட்டினார். கடல் கடந்து விக்டோரியா மகாராணியாருக்கும் காட்டினார். டாட்ஜ் ஸிட்டியில் சட்டம் காத்த பாட் மாஸ்டர்ஸன் நியூயார்க் போய்ப் பத்திரிகையில் குத்துச்சண்டைச் செய்திகள் எழுதிப் பிழைத்தார். 1921-ல் அந்தப் பத்திரிகை ஆபீஸ் மேஜையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயாட் ஏர்ப் என்பவர் 1881-ம் வருஷம் டூம்ஸ்டோன் நகரில் ஒரு சண்டையில் கலந்துகொண்டார். அந்தச் சண்டை நடந்தது அரை நிமிஷம். அதற்குப் பிறகு அவர் நாற்பத்தேழு வருஷங்களுக்குமேல் ஜீவித்திருந்தார்! சுரங்கம், சூதாட்டம், நிலம் என்று பல தொழில் செய்து, கடைசியில் ஸினிமாக்காரர்களின் ஊரான லாஸ் ஏஞ்சலிஸிலேயே 1929-ல் காலமானார். அரை நிமிஷத்தைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் ஏராளம். மிச்ச நாற்பத்தேழு வருஷத்தை எண்ணிப் பார்த்துப் படம் எடுத்தவர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலரில் ஒருவர் இந்தப் படத்தின் டைரக்டர் ஸாம் பெக்கின்பா. 1925-ல் கலிபோர்னியாவில் பிரெஸ்னோ நகரில் பிறந்தவர். கதையில் வரும் கோர்ஸ்கோல்டு, ஹார்னிடாஸ் எல்லாம் அவர் பிறந்த பிரதேசத்துக்கு அருகில் உள்ள நிஜமான ஊர்கள். அவர் குடும்பத்தார் அந்த மலைகளில் மரம் அறுக்கும் தொழில் நடத்தியவர்கள். அவர்கள் பெயரால் ஒரு மலையே அங்கு வழங்குகிறது. தகப்பனார் சட்டம் படித்தவர். பைபிள் வாசகங்களில் ஊறியவர். என்.பி. ஸ்டோன் என்பவர் எழுதிய கதையைக் கையில் வாங்கியதும் பெக்கின்பா வசனங்களில் பெரும்பாலானவற்றைத் திருத்தி எழுதினார். எழுதியபோது ஸ்டீவ் ஜட்டின் வாயில் தம் தகப்பனாரின் பேச்சையே வைத்தார். இது பெக்கின்பாவுக்கு இரண்டாவது படந்தான்.

கதை மலையேறுகிறது. கூலிக்கு ஆள் வேண்டுமென்று ஸ்டீவ் கேட்க, கில்லும் அவருடைய இளம் சகாவான ஹெக் என்னும் வாலிபனும் உடன் புறப்படுகிறார்கள். அவர்கள் உள்ளத்தில் இருப்பது வேறு. முடிந்தால் ஸ்டீவையும் தங்கள் பக்கம் இழுத்து, முடியாவிட்டால் அவரை ஏய்த்து, தங்கத்தைத் தட்டிக்கொண்டு போவது என்பது திட்டம். வழி நெடுகிலும் கில் தம் சிநேகிதரின் மனத்தை ஆழம் பார்த்துக்கொண்டே வருகிறார். இத்தனை வருஷம் குண்டடிபட்டு உழைத்தோமே, ஊரார் நமக்கு என்ன கொடுத்தார்கள்? அந்தப் பெண்ணையாவது நீ கல்யாணம் செய்துகொண்டிருக்கலாமே, இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பாயே! ஏழை சாகும்போது அவன் உடம்பில் மானம் என்கிற சட்டை மட்டுந்தான் இருக்கும், அதனால் குளிர் அடங்குமா? இப்படியெல்லாம் பேச்சை ஓட்டுகிறார். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. ஸ்டீவின் பூட்ஸில் ஓட்டை இருப்பதை நாமே கண்ணால் பார்க்கிறோம். அதற்கு அவர் சொல்லும் பதில் மிகவும் சுருக்கம். நீதிமானாகத் தம் வீட்டுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவே தமக்கு ஆசை என்கிறார். அந்த வார்த்தையைத்தான் பெக்கின்பா தம் தகப்பனாரிடமிருந்து எடுத்தது.

ஹெக்குக்கு முதலில் கிழவர்கள் என்றால் கேலி. வழியில் எதையோ தின்றுவிட்டுக் காகிதத்தைத் தரையில் எறிகிறான். ஸ்டீவ் அவனை நிறுத்தி, அதைப் பொறுக்கி எடுக்கச் சொல்லுகிறார். இந்த மலைகளுக்கு உன் குப்பை தேவையில்லை என்கிறார். ஆசிரியத் தொழிலில் இருபது வருஷம் கழித்த நமக்கு இந்த ஒரு காட்சிக்காகவே படம் எடுத்தவர்களுக்கு மாலை போட வேண்டும் போலிருந்தது.

நடுவில் ஒரு பண்ணை வீடு. அங்கே ஒரு தகப்பனும் மகளும் வசிக்கிறார்கள். தகப்பனுக்கு வேதாகமம் தலைகீழ்ப் பாடம். ஆனால் நெஞ்சில் ஈரம் இல்லை. பெண்ணைச் சிறை வைத்தாற்போல் வைத்திருக்கிறான். எல்ஸா என்னும் அந்தப் பெண் வீட்டைவிட்டு ஓடி இவர்களுடன் சேர்ந்துகொள்கிறாள். கோர்ஸ்கோல்டு சுரங்க முகாமில் இருக்கும் பில்லி ஹாமண்ட் என்பவனை மணந்துகொள்வது அவள் எண்ணம்.

அந்தக் கல்யாணம் இருக்கிறதே, அதைப் போன்ற பயங்கரமான கல்யாணக் காட்சியை நாம் எந்தப் படத்திலும் கண்டதில்லை. கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் வயிறு கலங்குகிறது. ஹாமண்டுகள் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர். அழுக்கும் முரட்டுத்தனமும் உருவெடுத்தவர்கள். ஒருவன் தோளில் காக்கை ஒன்றை உட்கார வைத்துக்கொண்டு திரிகிறான். முகாமில் இருக்கும் ஒரே பெரிய கட்டடம் விலைமாதர் விடுதி, கல்யாணம் அங்கேதான். மணப்பெண் தோழிகளும் அந்த விடுதிப் பெண்களே. மணம் செய்து வைக்கும் ஜட்ஜு தலைகால் தெரியாத குடி. அவர் தள்ளாடிக்கொண்டே விவாகத்தின் பொறுப்பைப் பற்றிச் சொல்லும் நாலு வார்த்தைகள் மட்டும் எதிர்பாராத விதமாக நெஞ்சைத் தொடுகின்றன. அப்புறந்தான் எல்ஸாவுக்குத் தெரிகிறது, ஐந்து சகோதரர்களும் அவளைப் பொதுச் சொத்தாக எண்ணியிருக்கிறார்கள் என்று. மேரியட் ஹார்ட்லி என்னும் நடிகைக்கு இதுவே முதல் படம். அந்தப் பெண்ணின் முகத்தில் புன்னகை சிறிது சிறிதாக அணைந்து பயம் ஏறுவதை அவர் காட்டியிருக்கும் விதத்தைச் சொல்லி முடியாது.

ஸ்டீவும் ஹெக்கும் அவளை மீட்டுவிடுகிறார்கள். ஆனால் சுரங்கத் தொழிலாளிகள் பஞ்சாயத்துக் கூட்டுகிறார்கள். மணம் சட்டப்படி நடந்ததென்றால் பெண்ணைப் புருஷனிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். பஞ்சாயத்துக்குக் கட்டுப்படுவதாக ஸ்டீவ் ஒப்புக்கொண்டுவிட்டார். வாக்கு என்றால் வாக்குத்தான். அப்போது கில் என்ன செய்கிறார்? முதல் நாளே ஜட்ஜின் கூடாரத்துக்குப் போய், துப்பாக்கியைக் காட்டி, மணம் செய்து வைக்கும் லைசென்ஸைப் பறித்துக்கொள்கிறார். "உம்மிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று பஞ்சாயத்தார் கேட்கும்போது ஜட்ஜு "இல்லை" என்கிறார். அது சத்தியமான பதில்தானே! கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பாகிறது.

நேயர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நேர்மையே உருவான ஸ்டீவின் நேர்மை அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை. புரட்டுக்காரரான கில்லின் புரட்டுக் காப்பாற்றியது. திரும்பி வரும் வழியில் எல்ஸா ஸ்டீவிடம் கேட்கிறாள்: நல்லது கெட்டது என்று இரண்டுதான் உலகத்தில் உண்டு, நடுவில் ஒன்றுமில்லை என்று என் தகப்பனார் சொல்லுவார், அவ்வளவு எளிதாகவா இருக்கிறது? ஸ்டீவ் யோசித்து, எளிதாக இல்லை, இருக்க வேண்டியது நியாயம், ஆனால் இல்லை என்கிறார். வேறு படமாயிருந்தால் இந்த இடத்தில் கதாநாயகர் ஒரு பிரசங்கம் செய்து ஓய்ந்திருப்பார்.

அன்று இரவு கில்லும் ஹெக்கும் தங்கத்தை எடுக்கிறார்கள். ஸ்டீவ் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். வழி நெடுக நடந்த பேச்சின் பொருள் அவருக்குப் புரியாமல் இல்லை, நம்பத்தான் மனமில்லை. சிநேகிதரைக் கன்னத்தில் அறைகிறார். துப்பாக்கியை எடு, ஒண்டிக்கு ஒண்டி தீர்த்துக்கொள்வோம் என்று அழைக்கிறார். கில் எடுக்கவில்லை; இடுப்பு வாரை அவிழ்த்துக் கீழே போட்டுவிடுகிறார். இருவர் கையையும் கட்டி, நீதிமன்றத்தில் ஒப்படைப்பதற்காக ஸ்டீவ் அழைத்துச் செல்லுகிறார். ஹெக்கிடம் கொஞ்சம் தயவு காட்டுகிறார். கில்லிடம் துளியும் இல்லை. அந்நியன் திருடினால் திருட்டு; சிநேகிதன் திருடினால் அதற்கு வேறு பெயர்.

இந்தக் காட்சியின்போது நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு நமக்கும் ஒரு சிநேகிதர் இருந்தார். ஒரே அறையில் தங்கிப் படித்தவர். ஒரே பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் பார்த்தவர். நம் கையில் இருந்த ஒரு கட்டு விடைத்தாளில், பணக்கார வீட்டுப் பையன் ஒருவனுடைய தாளுக்குச் சில மார்க்குகள் கூடப் போட வேண்டும் என்று கேட்டார். அவர் பெண்ணுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கையில் காசில்லை. கில் பேசிய பேச்சுக்கும் அவர் பேசிய பேச்சுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. நாம் மறுத்தோம். மறுத்ததோடு நிற்காமல், மேலிடத்தில் சொல்லியும் வைத்தோம். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நாம் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்லுவோம். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை, பத்திரிகை வந்திருந்தது.

படத்தில் கில் இரவோடிரவாகத் தப்பிவிடுகிறார். துரத்தி வந்த ஹாமண்டுகளில் இருவர் மலைச் சண்டையில் மடிந்து கிடக்கிறார்கள். மடிந்தவன் ஒருவனுடைய குதிரையையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு கில் போகிறார். ஆனால் தங்கத்தைத் தேடியோ தப்பிப் பிழைத்தோ போகவில்லை. சிநேகிதர் போன தடத்திலேயே பின்தொடர்கிறார். எல்ஸாவின் பண்ணையில் மிச்ச மூன்று ஹாமண்டுகளும் பதுங்கியிருக்கிறார்கள். அவள் தகப்பன், மனைவியின் சமாதியருகில் மண்டியிட்ட நிலையிலேயே கொல்லப்பட்டிருக்கிறான். ஸ்டீவும் ஹெக்கும் குண்டடிபட்டு ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்டிருக்கும்போது, சுடுகின்ற துப்பாக்கிகளுக்கு நேராகக் குதிரையை விரட்டிக்கொண்டு கில் வந்து சேருகிறார். அந்தக் குதிரைப் பாய்ச்சலுக்கு நம் பிள்ளையாண்டான் விசில் அடித்தான், வீட்டிலுள்ளவர்கள் அதட்டவில்லை.

அதற்கப்புறம் கிழவர்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். பள்ளத்தில் பதுங்கிச் சுடுவது அவர்களுக்குப் பிடித்த முறை அன்று. வெளியே வாருங்கள், நேருக்கு நேர் நிற்போம் என்று ஹாமண்டுகளுக்குச் சவால் விடுகிறார்கள். அவர்களுடைய குலமானத்தைக் கிளறுகிறார்கள். அந்த முரடர்களுக்கும் ரோஷம் வந்து வெளியே வருகிறார்கள். வருவதற்குமுன், குறி தப்பிய ஆத்திரத்தில் ஒருவன் முற்றத்துக் கோழிகளைச் சுட்டுத் தள்ளுகிறான். வாரன் ஓட்ஸ் என்னும் நடிகர் அவன்; சிரிப்பும் அருவருப்பும் ஒருங்கே வருகின்றன. இரு கிழவர்களும் பக்கத்தில் பக்கமாக, பழைய நாட்களில் எத்தனையோ வீதிகளில் நடந்ததுபோல், வெயிலில் நடந்து போகிறார்கள். சண்டை சில வினாடிகள்தான். மூன்று சகோதரர்களும் விழுகிறார்கள். ஸ்டீவும் விழுகிறார்.

சிறுவர்கள் தம்மைச் சாகும் நிலையில் பார்க்க வேண்டாம் என்கிறார் ஸ்டீவ். தங்கத்தை நீ சேர்த்திருப்பாயே, அப்படியே நான் சேர்த்துவிடுகிறேன், கவலைப்படாதே என்கிறார் கில். அது எனக்குத் தெரியும், எப்போதுமே தெரியும், நீதான் நடுவில் கொஞ்ச நாள் மறந்துவிட்டாய் என்று ஸ்டீவ் பதில் சொல்லுகிறார். அவ்வளவுதான். கில் எழுந்து போகிறார். ஸ்டீவ் தலையைத் திருப்பி, தாம் இறங்கி வந்த மலைகளை ஒருமுறை பார்க்கிறார். பிறகு மெதுவாகச் சாய்ந்து படச் சட்டத்துக்குக் கீழே மறைந்துபோகிறார். மலைகள் மட்டும் நிற்கின்றன.

கொஞ்ச நாள் மறந்துவிட்டாய்! பன்னிரண்டு வருஷத்தில் நமக்கு இந்த வார்த்தை அகப்படவில்லை.

ஸ்டீவாக நடித்தவர் ஜோயல் மக்ரீ. கில்லாக நடித்தவர் ராண்டால்ப் ஸ்காட். இருவரும் பல வருஷங்கள் குதிரைப் படங்களில் புகழுடன் நடித்து ஓய்ந்தவர்கள். படம் பிடித்தபோது ஸ்காட்டுக்கு வயது 63; மக்ரீக்கு ஐம்பத்தைந்துக்கு மேல். முதலில் ஸ்காட்தான் நல்லவராகவும் மக்ரீ ஏமாற்றுக்காரராகவும் நடிப்பதாக இருந்து, பின்பு வேஷங்களை மாற்றிக்கொண்டார்கள். விளம்பரத்தில் யார் பெயர் முதலில் வருவது என்பதைக் காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தார்களாம், ஸ்காட்டுக்கு விழுந்தது. கிழிந்த பூட்ஸும் நைந்த சட்டையும் படத்தோடு சரி. நிஜ வாழ்க்கையில் இருவரும் நிலத்திலும் பண்ணையிலும் பணம் போட்டுப் பெரும் செல்வந்தர்களாக இருந்தவர்கள்! இந்தப் படத்துக்குப் பிறகு ஸ்காட் வேறு படத்தில் நடிக்கவே இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று கண்டு நிறுத்திக்கொண்டார் போலும். 1987-ல் காலமாகும் வரையில் நிம்மதியாக இருந்தார். மக்ரீ அபூர்வமாகச் சில படங்களில் தலைகாட்டிவிட்டு 1990-ல் காலமானார்.

லூஸியன் பாலார்ட் என்பவர் காமிராவைக் கையாண்டிருக்கிறார். இலையுதிர் காலத்து மஞ்சளும் சிவப்புமாக அந்த மலைக் காடுகளை அவர் பிடித்திருப்பதைப் பார்க்க வேண்டும். கிழவர்களின் வயதும் மரங்களின் பருவமும் ஒன்றாகவே இருக்கின்றன. இவ்வளவும் 26 நாட்களில் எடுத்து முடித்தது. மலையில் பனி விழவே, பாதியில் இறங்கி வந்து வேறு இடத்தில் மிச்சத்தை எடுத்தார்கள். அதே கம்பெனியார் அப்போது கோடிக்கணக்கில் கொட்டி எடுத்துக்கொண்டிருந்த கப்பல் படத்தில் உபயோகித்த பாய்த் துணிகளைக் கொண்டுதான் சுரங்க முகாமின் கூடாரங்களைத் தைத்தார்கள் என்று சொல்லுவார்கள். அந்தக் கப்பல் படத்துக்கு நடந்த உபசாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு நடக்கவில்லை. கம்பெனித் தலைவருக்குப் படம் பிடிக்கவில்லை. இரட்டைக் காட்சிகளில் மற்றொரு படத்துக்கு ஒட்டாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள். விமரிசகர்களும் ஐரோப்பிய ரஸிகர்களும்தான் இதைக் கைதூக்கிவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 1992-ல், அமெரிக்கத் தேசியப் படப் பாதுகாப்புப் பட்டியலில் இதற்கும் இடம் கொடுத்தார்கள். கிழவர் ஸ்டீவின் கதிதான் படத்துக்கும்: ஒட்டகத்துக்குக் கைதட்டிய ஜனங்கள் முதலில் இதைக் கவனிக்கவில்லை.

குறை இல்லையா என்றால் உண்டு. பின்னணிச் சங்கீதம் சில இடங்களில் தேவைக்கு மேல் இரைகிறது. ஹெக்காக வரும் வாலிபர் மற்றவர்களுக்கு ஈடாக நடித்தார் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று. அந்தத் தங்க மலைகளுக்குப் பழைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். 1848-க்குப் பிறகு தங்க வேட்டைக்காரர்கள் கையாலும், நோயாலும், பட்டினியாலும் கலிபோர்னியாவின் ஆதிக் குடிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பழைய நாட்களை நினைத்துப் பெருமூச்சு விடும் இரு வெள்ளைக்காரக் கிழவர்களின் பேச்சில் அவர்களைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. மலையில் குப்பை போடாதே என்று சொல்லத் தெரிந்த ஸ்டீவுக்கு அதுவும் தெரிந்திருக்கலாம்.

பெக்கின்பா 1969-ல் "தி ஒயில்டு பன்ச்" என்று மற்றொரு படம் எடுத்தார். அதிலும் வயதான துப்பாக்கிக்காரர்கள்தான். மோட்டாரும் இயந்திரத் துப்பாக்கியும் வந்துவிட்ட 1913-ம் வருஷத்துக் கதை. உலகப் பிரசித்தி பெற்றது அதுவே. ரத்தம் ஆறாக ஓடும் அந்தப் படத்தைக் குடும்பத்துடன் பார்க்க நாம் சிபாரிசு செய்யமாட்டோம். இந்தப் படத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். சிறு குழந்தைகள் இருந்தால் கோர்ஸ்கோல்டு கல்யாணக் காட்சியில் மட்டும் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவது உத்தமம். மொத்தம் 94 நிமிஷங்கள். நமது தகப்பனாருக்கு இங்கிலீஷ் வசனம் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. படம் முடிந்ததும், "அந்தத் தங்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தானா?" என்று மட்டும் கேட்டார். படத்தில் அதைக் காட்டவில்லை என்றோம். "சேர்த்திருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலானார்.